மழைக்கு நிறுத்திய பழைய காரின் கீழே எண்ணெய்: கியர் பாக்ஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் வழி

ஐப்பசி மழைக்கு முன்னால் உறை போட்டு நிறுத்திய வண்டியை, தை பிறக்கப் போகிற நேரத்தில் திறக்கிறீர்கள். சிமென்ட் தரையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கறுப்பாக ஒரு வட்டம். பழைய கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்குகிற காட்சி இது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் பெரும்பாலும் வருகிற பதில், "கியர் பாக்ஸை இறக்கணும் சார்" என்பதுதான்.

இறக்குவதற்கு முன்னால் ஒரு வாரம் பொறுங்கள். என்னிடம் இருப்பது 1972 மாடல் அம்பாசடர் மார்க் 2. அப்பா வாங்கியது. கசிவுக்காக அதன் கியர் பாக்ஸின் பின் சீலை, அதாவது சுற்றும் ஷாஃப்டைச் சுற்றி எண்ணெயை அடைத்து நிற்கும் ரப்பர் வளையத்தை, இரண்டு முறை மாற்றினோம். இரண்டு முறையும் பணமும் நாளும் போயின, சொட்டு நிற்கவில்லை. சொட்டு வந்துகொண்டிருந்தது வேறு இடத்திலிருந்து. அந்தக் கதையைக் கீழே சொல்கிறேன். எந்த சீல் என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவை மூன்று: சொட்டுவது எந்த எண்ணெய், அது வண்டி நிற்கும்போது சொட்டுகிறதா ஓடிய பிறகா, ஈரம் தொடங்குகிற மேல் நுனி எங்கே. இந்த மூன்றுக்கும் விடை தெரியாமல் ஸ்பேனரைத் தொடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

வெளிநாட்டுக் கையேடுகள் இதைக் குளிர்காலப் பிரச்சினையாக எழுதுகின்றன. பனியில் ரப்பர் இறுகி, எண்ணெய் கெட்டியாகி வருகிற தொல்லைகள் அவை. நமக்கு மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அந்தக் குளிர் எந்த ரப்பரையும் ஒன்றும் செய்யாது. சென்னையில் வண்டியைக் கெடுப்பது ஈரமும் அசையாமல் நிற்பதும்தான். ஆயில் சீலின் உதடு, ஷாஃப்ட் சுற்றும்போது அதன்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் வழுக்கிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று மாதம் வண்டி நின்றால் அந்தப் படலம் வடிந்துபோகும், உதடு காய்ந்து ஷாஃப்டில் ஒட்டும். அதே இடத்தில் ஈரக்காற்று பட்டு ஷாஃப்டில் மயிரிழை அளவுக்குத் துரு பிடிக்கும். தை மாதம் வண்டியைக் கிளப்பியதும் அந்தத் துரு உப்புத்தாள் போல உதட்டைத் தேய்த்துவிடும். மூடிகளின் இணைப்பில் வைக்கும் கார்க் பேக்கிங், காகிதப் பேக்கிங் இரண்டும் எண்ணெய் படாமல் காய்ந்தால் சுருங்கும். நிற்கும்போது எந்தத் தொல்லையும் தராத வண்டி முதல் ஓட்டத்தில் கசிவதற்குக் காரணம் இதுதான்.

தொடங்குவதற்கு முன்

வண்டியை நகர்த்தாதீர்கள். கறை எங்கே இருக்கிறது என்பதுதான் கையில் இருக்கும் முதல் சாட்சி. நான்கு சக்கரங்கள் தரையைத் தொடும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். கறையைத் துடைத்துவிட்டு, பழைய நாளிதழை நான்கு மடிப்பாக இன்ஜினின் பின்பாதியிலிருந்து பின் ஆக்ஸில் வரைக்கும் விரியுங்கள். ஓரத்தில் தேதியும் நேரமும் எழுதுங்கள். நாளிதழைவிட வெள்ளை அட்டை நல்லது, நிறம் தெளிவாகத் தெரியும்.

அப்புறம், வண்டி எப்படி நிற்கிறது என்று தள்ளி நின்று பாருங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் பல வீடுகளின் தரையை உயர்த்திவிட்டார்கள். ரோட்டிலிருந்து போர்டிகோவுக்கு ஏறும் சரிவு செங்குத்தாகிவிட்டது. போர்டிகோவுக்குள்ளும் மழைநீர் வெளியே ஓட வாசல் பக்கம் வாட்டம் வைத்திருப்பார்கள். வண்டியை முகம் உள்ளே பார்க்க நிறுத்தினால் முன்பக்கம் உயர்ந்து, பின்பக்கம் தாழ்ந்து நிற்கும். கியர் பாக்ஸில் இருக்கும் எண்ணெய் முழுக்க வால் பக்கம் சேர்ந்து, பின் சீல்மேல் மூன்று மாதம் அழுத்திக்கொண்டிருக்கும். சமதளத்தில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருக்கும் சீல், சரிவில் எண்ணெய்க்குள் மூழ்கிவிடும். சமதரையில் ஒரு துளியும் விடாத வண்டி போர்டிகோவில் மட்டும் கசிகிறது என்றால், முதலில் வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள், அல்லது சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்து மட்டம் செய்யுங்கள். ஒரு வாரம் காகிதத்தைப் பாருங்கள். சொட்டு நின்றாலோ குறைந்தாலோ, சீல் பழசாகியிருக்கிறது, ஆனால் உடனே வண்டியைப் பிரிக்க வேண்டிய அவசரம் இல்லை.

அடியில் படுப்பதென்றால் ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் படுக்காதீர்கள். மழையில் ஊறிய மண்ணில் ஜாக்கி சாயும். சிமென்ட் தரையில், ஸ்டாண்ட் கொடுத்து, தூக்காத சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் மரக்கட்டை வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

சொட்டுவது எந்த எண்ணெய்

கியர் ஆயில் தேன் போலக் கெட்டியாக இருக்கும், விரலில் எடுத்தால் நூல் விடும். முகர்ந்தால் கந்தக வாடை அடிக்கும், கெட்ட முட்டை மாதிரி. ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். ஓடிய இன்ஜின் ஆயில் கரி கலந்து கறுத்திருக்கும். ஆட்டோமேட்டிக் வண்டிகளில் ஊற்றும் ஏடிஎஃப் சிவப்பு, மெல்லியது, பழசானால் பழுப்பாகும். பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதிலும் பெரும்பாலும் அதே சிவப்பு எண்ணெய்தான் ஓடும், ஆகவே சிவப்பைப் பார்த்ததும் கியர் பாக்ஸ்தான் என்று முடிவு கட்ட வேண்டாம்.

குழப்புகிற ஆள் பிரேக் ஆயில். ட்ரையம்ஃப் ஹெரால்ட் போன்ற வண்டிகளில் கிளட்ச் ஹைட்ராலிக்கில், அதாவது பிரேக் ஆயிலின் அழுத்தத்தில், வேலை செய்கிறது. அந்த அழுத்தத்தை வாங்கிக் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் கியர் பாக்ஸின் முன்பக்கத்தில், கிளட்ச் இருக்கும் பெல் ஹவுசிங்கோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். அது கசிந்தால் பார்ப்பவர் கியர் பாக்ஸ் கசிகிறது என்றே நினைப்பார். வித்தியாசம் காண ஒரு டம்ளர் தண்ணீர் போதும். சொட்டைத் தண்ணீரில் விடுங்கள். கியர் ஆயிலும் இன்ஜின் ஆயிலும் மேலே மிதந்து கண்ணாடிப் படலமாகப் பரவும். சாதாரண பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்து காணாமல் போகும். கையில் பட்டதை உடனே கழுவுங்கள், பெயின்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது பெயின்டை உரித்துவிடும்.

ஒரு சிக்கலும் உண்டு. பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் சிலவற்றில் கியர் பாக்ஸிலும் இன்ஜின் ஆயிலே ஊற்றுவார்கள். அப்போது வாடை உதவாது, நிறம் உதவும். இன்ஜினில் எரிபொருள் எரிவதால் எண்ணெய் கறுக்கும். கியர் பாக்ஸில் எரிய எதுவும் இல்லை, வருஷம் ஆனாலும் பழுப்பைத் தாண்டாது. அதிலும் சந்தேகம் இருந்தால் புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம் கடைகளில் கிடைக்கிறது. கியர் பாக்ஸில் மட்டும் சில மில்லி கலந்து, ஒரு ஓட்டம் ஓட்டி, இரவில் விளக்கடித்துப் பார்த்தால் விஷயம் முடிந்தது.

எவ்வளவு கசிகிறது

இருபது சொட்டு சுமாராக ஒரு மில்லி. நிமிஷத்துக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்கு 3 மில்லி, நாளுக்கு 72 மில்லி. ட்ரையம்ஃப் ஹெரால்டின் கியர் பாக்ஸ் மொத்தமாகக் கொள்வதே ஒன்றரை பைன்ட், அதாவது 0.85 லிட்டர். அந்த வேகத்தில் ஆறு நாளில் பாதி போய்விடும். அதனால் ஒரு நாளுக்கு எத்தனை சொட்டு என்று எண்ணி எழுதிவையுங்கள். காகிதத்தில் வாரத்துக்கு நாலு சொட்டு விழுகிற வண்டியும், தினமும் கரண்டி அளவு விடுகிற வண்டியும் ஒரே வைத்தியத்துக்கு உரியவை இல்லை.

முதலில் நன்றாகச் சொட்டி, அப்புறம் தானாக நின்றுபோனது

இதைப் பார்த்து நிம்மதியடைந்து வண்டியைக் கிளப்பிக் கியர் பாக்ஸைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. கசிவு ஆறிப்போகவில்லை. உள்ளே எண்ணெய் மட்டம், ஓட்டை இருக்கும் உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது, அவ்வளவுதான். கிளப்புவதற்கு முன், எண்ணெய் மட்டம் பார்க்கும் துளையை மூடியிருக்கும் லெவல் நட்டைக் கழற்றிச் சுண்டு விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். எண்ணெய் துளையின் விளிம்பில் நிற்க வேண்டும்.

இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. எண்ணெய் எந்த உயரத்தில் நின்றதோ, ஓட்டையும் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கும். லெவல் துளைக்கு ஒரு விரல் கீழே நின்றிருந்தால் டிரெய்ன் நட்டைச் சந்தேகிக்க வேண்டியதில்லை, ஷாஃப்ட் சீலையோ பக்க மூடியின் பேக்கிங்கையோ பாருங்கள். கியர் பாக்ஸே காலியாகியிருந்தால் குற்றவாளி அடியில் இருக்கிறது.

மறுபடி ஊற்றும்போது வண்டி சமமாக நிற்கட்டும். சரிவில் நிறுத்தி, லெவல் துளையில் வழிகிற வரை ஊற்றினால் அளவு கூடவோ குறையவோ செய்யும். கூடினால் புதுக் கசிவை நாமே உண்டாக்கியதாகும். கடையில் ஆயில் கேட்கும்போது 90 என்று கெட்டித்தன்மையை மட்டும் சொல்லாமல் ஜிஎல்-4 என்று தரத்தையும் சொல்லுங்கள். ஜிஎல்-5 எண்ணெயில் கந்தக, பாஸ்பரஸ் சேர்க்கைகள் அதிகம். பின் ஆக்ஸிலின் ஹைபாய்டு கிரவுன் பல்சக்கரத்துக்கு அது தேவை, பழைய கியர் பாக்ஸில் கியர் மாற உதவும் வெண்கல சின்க்ரோ வளையங்களை அது அரிக்கக்கூடும். இரண்டுக்கும் ஒரே டின்னிலிருந்து ஊற்றுகிற வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள்.

பெல் ஹவுசிங் அடியிலிருந்து சொட்டுகிறது

மெக்கானிக் "இறக்கணும்" என்று சொல்வது பெரும்பாலும் இந்த இடத்தைப் பார்த்துத்தான். இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே, பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். பல பிரிட்டிஷ் வடிவமைப்புகளில் அந்தத் துளையில் ஒரு பிளவு ஊசி தொங்கும். துளை அடைத்துக்கொள்ளாமல் இருக்க அதை வைத்தார்கள். அங்கே எண்ணெய் சொட்டினால் நான்கு இடங்களில் ஒன்றிலிருந்து வந்திருக்கலாம்: இன்ஜினின் பின் முனை, கியர் பாக்ஸின் முன் மூடி, கிளட்ச் ஸ்லேவ், இல்லையென்றால் மேலே எங்கிருந்தோ இன்ஜின் உடம்பு வழியாக வழிந்து வந்தது.

கடைசியில் சொன்னதை முதலில் பாருங்கள், ஏனென்றால் அதுதான் செலவில்லாதது. அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினில் பக்கவாட்டில் டாப்பெட் மூடிகள் உண்டு, அவற்றுக்குக் கார்க் பேக்கிங். மேலே ராக்கர் மூடிக்கும் கார்க் பேக்கிங். மழைக்காலம் நின்று காய்ந்த கார்க் சுருங்கினால் எண்ணெய் பக்கவாட்டில் வழிந்து, முன்பக்கம் உயர்ந்து நிற்கும் வண்டியில் பின்னால் ஓடி, பெல் ஹவுசிங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அடித்துளையிலிருந்தே வந்ததுபோல விழும். விரலால் இன்ஜினின் பின்பக்கத்தை மேலிருந்து கீழாகத் தடவுங்கள். எங்கே முதலில் ஈரம் படுகிறதோ அதற்குச் சற்று மேலேதான் ஊற்று.

அடுத்தது இன்ஜினின் பின் முனை. அம்பாசடரில் இருக்கும் இந்த பிஎம்சி பி சீரிஸ் இன்ஜினின் மூன்று பேரிங் வகையில் கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. ஷாஃப்டில் வெட்டிய திருகுமரை ஒன்று, சுற்றும்போது எண்ணெயைத் திரும்ப உள்ளே தள்ளும். சுற்றாதபோது தள்ள ஆள் இல்லை. ஆகவே நிற்கும்போது, அதுவும் முன்பக்கம் உயர்ந்து நிற்கும்போது, கொஞ்சம் சொட்டுவது அந்த வடிவமைப்பின் இயல்பு. கறுப்பாக, வாரத்துக்குச் சில சொட்டு, அடித்துளையிலிருந்து என்றால் நான் ஒரு தட்டை அடியில் வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பேன். இதற்காக இன்ஜினை இறக்குவது வீண் செலவு. அளவு கூடிக்கொண்டே போனால் இன்ஜினின் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் எந்தத் திருகுமரையும் தாக்குப்பிடிக்காது.

சொட்டு பழுப்பாக, கந்தக வாடையோடு இருந்து, கியர் பாக்ஸ் மட்டமும் குறைந்திருந்தால் முன் மூடி. இதற்குக் கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்குவதா வேண்டாமா என்பதைக் கிளட்ச் சொல்லும். மூன்றாவது கியரில் மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருந்தாலோ, முதல் கியரில் விடும்போது வண்டி உதறினாலோ, எண்ணெய் கிளட்ச் பிளேட்டை நனைத்துவிட்டது. இனி தள்ளிப்போட முடியாது. இறக்கினால் முன் மூடி பேக்கிங், கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாவற்றையும் ஒரே முறையில் பார்த்துவிடுங்கள்.

ஸ்லேவ் என்றால் தண்ணீர்ச் சோதனையே சொல்லிவிடும். பிரேக் ஆயில் ஊற்றும் மாஸ்டர் சிலிண்டர் டப்பாவில் மட்டம் குறைந்திருக்கும், ஸ்லேவின் ரப்பர் உறையை விலக்கினால் உள்ளே ஈரம் இருக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உடையது. மழை மாதங்களில் சிலிண்டருக்குள் துருப் புள்ளி விழுந்து கப் வாஷரைக் கிழிக்கும். வெறும் கிட் மட்டும் மாற்றினால் அதே துரு புதியதையும் கிழிக்கும், சிலிண்டரின் உட்சுவரைப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

வால் பக்கத்தில், ஜாயின்ட் ஷாஃப்ட் நுழையும் இடத்தில் ஈரம்

எங்கள் அம்பாசடரின் கதை இங்கேதான் நடந்தது. சொட்டு கியர் பாக்ஸின் வாலில் விழுந்தது. ஒரு பட்டறையில் பின் சீலை மாற்றினார்கள். பத்து நாளில் மறுபடி சொட்டு. "சீல் சரியில்லை" என்று இன்னொன்று போட்டார்கள். மறுபடியும் சொட்டு. மூன்றாவது முறை நான் வண்டியைக் கொடுக்கவில்லை. மண்ணெண்ணெயும் பிரஷும் வைத்து கியர் பாக்ஸின் வாலை அரைநாள் தேய்த்தேன். அரை அங்குலத்துக்குப் படிந்த எண்ணெய்ச் சேறு உரிந்து கீழே அலுமினியம் வெளுப்பாகத் தெரிந்தது. காட்டன் வேஸ்ட்டால் துடைத்து, காய விட்டு, வீட்டிலிருந்த முகப் பவுடரைப் பஞ்சில் தொட்டு முழுக்கப் பூசினேன். வேளச்சேரி வரை போய் வந்து, டார்ச்சோடு அடியில் படுத்தேன்.

வெள்ளைப் பவுடரின் மேல் எறும்பு போன தடம் மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று. சீலின் வட்டம் உலர்ந்து வெள்ளையாகவே இருந்தது. கோடு அதற்கு மேலே, பக்கவாட்டில், ஸ்பீடாமீட்டர் கேபிள் திருகியிருக்கும் நட்டிலிருந்து தொடங்கி, வளைந்து இறங்கி, சீலின் விளிம்பைத் தொட்டு, அங்கிருந்து சொட்டாக விழுந்தது. கேபிளை ஓட்டும் சின்னப் பல்சக்கரத்தைச் சுற்றியுள்ள சீல் போயிருந்தது. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும் அது. மாற்ற ஒரு மணி நேரம் ஆனது. அந்த அரைநாள் தேய்ப்பை முதலிலேயே செய்திருந்தால் இரண்டு சீலும் இரண்டு கூலியும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் கழுவிப் பவுடர் பூசாமல் எந்த சீலையும் தொட விடாதீர்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த இடத்துக்கு இன்னொரு வேடிக்கையான நோயும் உண்டு. எண்ணெய் கேபிளின் உறைக்குள் நுழைந்து, உள்ளே சுற்றும் கம்பியோடு மெல்ல மேலே ஏறும். டாஷ்போர்டின் பின்னாலோ, கேபிள் வளைந்து தொங்கும் தாழ்வான இடத்திலோ ஈரம் கண்டால் வயிறு கலங்க வேண்டாம், மூலம் அதே சின்ன சீல்தான்.

சரி, பவுடர் சோதனையில் பின் சீலே குற்றவாளி என்று தெரிந்தால்? புது சீல் போடும் முன், கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் ஜாயின்ட் ஷாஃப்டின் முன்முனையைக் கையால் இறுகப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். டக் டக் என்று ஆட்டம் தெரிந்தால் உள்ளே புஷ் தேய்ந்திருக்கிறது. ஆடுகிற ஷாஃப்டில் எந்த சீலும் நிற்காது. ஆட்டம் இல்லையென்றால் ஷாஃப்டைக் கழற்றி, சீல் உட்காரும் இடத்தை நகத்தால் குறுக்கே கீறிப் பாருங்கள். நகம் தட்டுகிற பள்ளம் இருந்தால் லேத்தில் கொடுத்து மெல்லிய ஸ்லீவ் போட வேண்டும். பள்ளம் சின்னது என்றால் சீலை இரண்டு மில்லிமீட்டர் முன்னே தள்ளியோ பின்னே இழுத்தோ உட்கார வைத்தாலும் உதடு புது இடத்தில் பிடித்துக்கொள்ளும். வெறும் துருக்கோடு என்றால் நைசான உப்புத்தாளை எண்ணெயில் நனைத்து, ஷாஃப்டின் சுற்றளவு வாக்கில் மட்டும் தேய்த்தால் போதும்.

சென்னையின் உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் சீல் வாங்கப் போகும்போது வண்டிப் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். பழைய சீலை எடுத்துப் போங்கள், உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அளவு சரியாக இருந்தால் எந்த வண்டிக்கு வந்த சீல் என்பது பொருட்டில்லை. பல வருஷம் கடை அலமாரியில் கிடந்த பழைய ஸ்டாக் என்றால் உதட்டை விரலால் வளைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் போல விறைத்திருந்தால் அசல் டப்பாவில் இருந்தாலும் வேண்டாம். போடும் முன் உதட்டில் எண்ணெய் தடவ மறக்காதீர்கள். உலர்ந்த சீல் முதல் கிலோமீட்டரிலேயே கருகும்.

நிற்கும்போது ஒரு சொட்டும் இல்லை, ஓட்டி வந்ததும் ஒழுகுகிறது

சூடேறினால் கியர் பாக்ஸுக்குள் காற்று விரியும். அது வெளியேறத்தான் மூச்சுத்துளை. அது அடைத்தால் அழுத்தம் எந்தச் சீலில் பலம் குறைவோ அங்கே எண்ணெயைத் தள்ளும். சென்னையில் அதை அடைப்பது குளவி. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் பென்சில் நுழையும் அளவு துளை கிடைத்தால் போதும், மண்ணைக் குழைத்துக் கூடு கட்டி அடைத்துவிடும். பின் ஆக்ஸிலின் மேலே இருக்கும் மூச்சு மூடியில் இதை இரண்டு வண்டிகளில் பார்த்திருக்கிறேன். கம்பியால் குத்தினால் காய்ந்த களிமண் உள்ளே விழும், ஆகவே மூடியையே கழற்றி வெளியே வைத்துச் சுத்தம் செய்யுங்கள். பின் சக்கரங்களின் உள்பக்கம் எண்ணெய் வழிந்திருந்தால் பிரேக் ஷூவையும் பார்த்தாக வேண்டும். அது நனைந்திருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள்.

ஆட்டோமேட்டிக் வண்டி: வாராவாரம் ஓடினால் கசியாது, ஒரு மாதம் நின்றால் குளம்

பழைய மெர்சிடிஸ், அமெரிக்க வண்டிகள் வைத்திருப்பவர்களுக்கு இது. இன்ஜினின் சக்தியை எண்ணெய் வழியாகக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் பல லிட்டர் ஏடிஎஃப் இருக்கும். வண்டி நிற்க நிற்க அது மெல்ல வடிந்து அடித்தட்டுக்கு வரும். அங்கே மட்டம் ஏறி, வழக்கமாக எண்ணெய்க்கு மேலே உலர்ந்திருக்கும் இடங்களை, முக்கியமாகக் கியர் லீவர் ஷாஃப்டின் சீலையும் தட்டின் மேல்விளிம்பையும், மூழ்கடிக்கும். அங்கே பலவீனம் இருந்தால் கசியும்.

கிளப்பும் முன் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். மேல்கோட்டையும் தாண்டி நிற்கும். அதிகமாக ஊற்றிவிட்டார்கள் என்று நினைத்து வடித்துவிடாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் சரியான அளவு, நன்றாகச் சூடாகி, பார்க்கில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்ப்பதுதான். சிலவற்றில் நியூட்ரலில் பார்க்க வேண்டும், கையேட்டில் இருக்கும். நிற்கும்போது மட்டும் கசிந்து, கிளப்பியதும் டிப்ஸ்டிக் மட்டம் இறங்குகிறது என்றால் லீவர் ஷாஃப்ட் சீலும் தட்டுப் பேக்கிங்கும் மாற்றினால் போதும், ஓவர்ஹால் தேவையில்லை. தட்டின் போல்ட்டுகளைக் கசிவை நிறுத்துகிறேன் என்று முறுக்க வேண்டாம். தகரம் போல்ட்டைச் சுற்றிக் குழிந்து, நடுவே வாய் திறக்கும்.

தரையில் சொட்டே இல்லாமல் ஏடிஎஃப் குறைந்து, சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தால் இன்ஜினின் உறிஞ்சலை வைத்துக் கியர் மாற்றத்தைச் சீராக்கும் வேக்குவம் மாடுலேட்டரின் சவ்வு கிழிந்து, அந்த ஏடிஎஃபை இன்ஜின் குடிக்கிறது. அதன் குழாயைக் கழற்றினால் உள்ளே சிவப்பு ஈரம் இருக்கும். ரேடியேட்டரில் ரோஸ்மில்க் நிறம் தெரிந்தால் அதனுள்ளே ஏடிஎஃபைக் குளிர்விக்கும் கூலர் ஓட்டை, அதற்கு மேல் ஒரு அடிகூட ஓட்டாதீர்கள்.

எண்ணெய் பால் காபி நிறத்தில் இருக்கிறது

தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வெள்ளம் ஏறிய தெருக்களில் நின்ற வண்டிகளில், சக்கரத்தின் நடுப்பகுதிக்கு மேல் தண்ணீர் நின்றிருந்தால் கியர் பாக்ஸையும் ஆக்ஸிலையும் சந்தேகித்தே ஆக வேண்டும். வண்டியைக் கிளப்பவில்லை என்றால் நல்லது. தண்ணீர் கனமானது, அடியில் தங்கியிருக்கும். டிரெய்ன் நட்டை முழுக்கக் கழற்றாமல் மெதுவாகத் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் வடிந்து, அப்புறம் எண்ணெய் வந்தால் கலங்கவில்லை என்று அர்த்தம். முழுக்க வடித்து, மெல்லிய புது எண்ணெய் ஊற்றி, ஐம்பது கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, சூட்டோடு மறுபடி வடித்து, அப்புறம் சரியான ஆயிலை ஊற்றுங்கள். தள்ளிப்போட்டால் பேரிங்கில் துருப்புள்ளி விழுந்து, வண்டி கொஞ்ச நாளில் ஊளையிடத் தொடங்கும்.

டிரெய்ன் நட்டில் சொட்டு

காப்பர் வாஷரை மாற்றுங்கள். மரை தேய்ந்து போயிருந்தால் லேத்தில் காட்டுங்கள். மேற்கொண்டு முறுக்க வேண்டாம், கியர் பாக்ஸின் அலுமினியக் கூடு விரிசல் விடும்.

கசிவை நிறுத்தும் மருந்து ஊற்றலாமா என்று கேட்பார்கள். அந்த மருந்து ரப்பரை ஊற வைத்துப் பெருக்க வைக்கிறது. காய்ந்து சுருங்கிய சீலுக்குச் சில மாதம் உதவும். கிழிந்த சீலுக்கும், பள்ளம் விழுந்த ஷாஃப்டுக்கும், சுருங்கிய காகிதப் பேக்கிங்குக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. நான் ஊற்றுவதில்லை. அதற்குப் பதில், மழை விட்ட நாளில் வண்டியை எடுத்து, கியர் பாக்ஸ் தொட்டால் சுடுகிற வரை, குறைந்தது பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுகிறேன். நின்ற இடத்தில் பத்து நிமிஷம் இன்ஜினை ஓட விட்டால், நியூட்ரலில் இருக்கும் சாதாரண கியர் பாக்ஸின் பின் ஷாஃப்ட் சுற்றுவதே இல்லை, பின் சீல் காய்ந்தபடியே இருக்கும். சைலன்சருக்குள் ஈரம் சேர்வதுதான் மிச்சம்.

நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், ஈரத்தில் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். அடியில் புதுக் காகிதம் விரித்து, ஓரத்தில் தேதி எழுதி, பக்கத்திலேயே பென்சிலைத் தொங்க விடுங்கள். எங்கள் வீட்டில் இந்த மார்கழிக் காகிதத்தில் இதுவரை மூன்று சொட்டு, மூன்றும் கறுப்பு, மூன்றும் பெல் ஹவுசிங் துளைக்கு நேர் கீழே.